செடி காய்ந்தால், பறவை வராவிட்டால்: மேற்குச் சிட்னித் தோட்டத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

மேற்குச் சிட்னியின் களிமண்ணில் கிரெவில்லியா, பாங்க்சியா, பாட்டில் பிரஷ் முதலான ஆஸ்திரேலிய மண்ணுக்குரிய செடிகளை வளர்க்கத் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகளில் நான் சாகடித்த செடிகளின் எண்ணிக்கையை வெளியில் சொல்வதில்லை. அதன்பின் நண்பர்களும் அண்டை வீட்டாரும் “ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்” என்று அழைத்த இடங்களிலெல்லாம் கண்டது, ஏழெட்டுக் கோளாறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைத்தான். அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துப் பிரித்து, காசு செலவாகாத காரணத்தில் தொடங்கிச் செலவு பிடிக்கும் காரணம்வரை இங்கே எழுதியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் இரண்டு குறிப்புகள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, இரண்டு வாரம் பொறுத்திருந்து பாருங்கள். மூன்று மருந்துகளை ஒரே நாளில் இட்டால் எது பலித்தது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. மாதங்களை இந்நாட்டுப் பருவப்படி கொள்ளுங்கள்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, மார்ச் முதல் மே வரை இலையுதிர்காலம், செப்டம்பரில் வசந்தம்.

## நேற்றுவரை நன்றாக இருந்த செடி, இலை உதிராமலே முழுவதும் காய்ந்துவிட்டது

முதலில் தண்டின் பட்டையை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் செடியில் உயிர் இருக்கிறது. நுனியிலிருந்து அடிவரை பழுப்பாகவே இருந்தால் அந்தச் செடி போய்விட்டது. இனிச் செய்யும் சோதனையெல்லாம் பக்கத்துச் செடியைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

மேற்கு நோக்கிய பக்கம் மட்டும் கருகியிருந்தால், அது வெயிலின் வேலை. 2020 ஜனவரி 4 அன்று மேற்குச் சிட்னியிலுள்ள பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது; அந்த ஒரு பிற்பகலில் எங்கள் தெருவில் கருகாத செடியே இல்லை. கருகிய கிளைகளை உடனே வெட்டாதீர்கள், அவைதாம் உள்ளிருக்கும் தளிருக்கு நிழல். மார்ச் பிறந்ததும் வெட்டினால் போதும்.

நட்டு ஓராண்டு ஆகாத செடியாக இருந்தால், தண்டை ஒட்டிப் பத்து சென்டிமீட்டர் ஆழம் தோண்டிப் பாருங்கள். சுற்றியுள்ள களிமண் ஈரமாக இருக்க, தொட்டியோடு வந்த வேர்ப்பந்து மட்டும் உமிபோல் உலர்ந்து கிடப்பது மிகவும் வழக்கமான காட்சி. ஒரு வாளித் தண்ணீரை அரைமணி நேரம் சிறுகச் சிறுகத் தண்டின் அடியிலேயே விடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடினால், மண்ணை நனைய வைக்கும் ‘சாயில் வெட்டர்’ திரவத்தை ஒருமுறை கலந்து ஊற்றலாம்.

மண் சேறாகவோ புளித்த வாடையுடனோ இருந்தால், பக்கத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, முழுக்கத் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் கிரெவில்லியாவுக்கு உகந்ததன்று. வடிகாலுக்குப் பணம் செலவழிப்பதைவிட, முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்து மேட்டில் நடுவது எளிது; இல்லையென்றால் ஈரத்தைத் தாங்கும் பாட்டில் பிரஷையும் லொமாண்ட்ரா என்னும் புல்போன்ற செடியையும் அங்கே வைத்துவிட்டு, வாதத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

வடிகால் சரியாக இருந்தும், பிப்ரவரிப் புழுக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று செடிகள் செத்தால், பைட்டோப்தோரா என்னும் வேரழுகல் நோயை ஐயுறுங்கள். மேற்கு ஆஸ்திரேலிய பாங்க்சியாக்கள் சிட்னியின் ஈரக் கோடையில் முதலில் பலியாவது இதற்குத்தான். இது மண்ணோடு பயணம் செய்வது. ஆகவே செத்த செடியைப் பிடுங்கிய மண்வெட்டியையும் காலணியையும் கழுவி, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள். மீதமுள்ள செடிகளுக்குப் பாஸ்பைட் என்னும் மருந்தைத் தெளிக்கலாம். அது நோயை அடக்கி வைக்குமேயன்றி மண்ணிலிருந்து ஒழிக்காது. (பாஸ்பைட் வேறு, பாஸ்பேட் வேறு, பெயர் மயக்கத்தில் உரக்கடையிலிருந்து பாஸ்பேட்டை வாங்கி வந்து, மிச்சமிருந்த செடிகளையும் அனுப்பிவைத்தவர் ஒருவரை அறிவேன்.)

மேற்கு ஆஸ்திரேலிய வகைதான் வேண்டும் என்று மனம் கேட்டால், ஒட்டுச்செடியாக வாங்குங்கள். கிரெவில்லியாக்களைப் பெரும்பாலும் கிரெவில்லியா ரோபஸ்டா என்னும் மரத்தின் அடித்தண்டில் ஒட்டுகிறார்கள். அந்த மரம் நமக்குப் புதியதன்று. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் அதுவேதான்.

*வல்லுநரை அழைக்கும் கட்டம்:* வளர்ந்த மரம் ஒன்று உச்சியிலிருந்து காயத் தொடங்கினாலோ, ஒரே வரிசையில் மூன்றாவது செடி செத்தாலோ நிறுத்திக்கொள்ளுங்கள். சிட்னி தாவரவியல் பூங்காவின் பிளாண்ட்கிளினிக் கட்டணம் பெற்றுக்கொண்டு வேரையும் மண்ணையும் சோதித்துச் சொல்லும். பெரிய மரத்துக்குத் தகுதிபெற்ற ஆர்பரிஸ்ட், அதாவது மரநல வல்லுநர், வேண்டும். வெட்டுவதற்கு முன் நகராட்சி அனுமதி தேவையா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

## இலை மஞ்சளாகிறது, அல்லது ஓரம் கருகுகிறது

எந்த இலை என்பதுதான் முதல் கேள்வி. பழைய இலைகளின் நுனியும் ஓரமும் நெருப்புப் பட்டதுபோல் கருகி உதிர்ந்தால் ஒரு வழி; இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இன்னொரு வழி.

பழைய இலை கருகினால், கடந்த ஆறு மாதங்களில் அந்தப் பாத்தியில் என்ன இட்டீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிரெவில்லியா, பாங்க்சியா, ஹேகியா ஆகிய ஒரே குடும்பச் செடிகளின் வேர்கள் பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண்ணில் அதைத் துழாவி எடுப்பதற்கென்றே அமைந்தவை. தாராளமாகக் கிடைத்தால் நிறுத்தத் தெரியாமல் உறிஞ்சி நஞ்சாக்கிக்கொள்கின்றன. நம்மவர் தோட்டங்களில் இதற்கு வழக்கமான காரணம் கறிவேப்பிலை. குளிரிலிருந்து அதைத் தேற்றுவதற்காக வசந்தத்தில் கோழி எருவைக் குவிக்கிறோம். இரண்டடி தள்ளி நிற்கும் கிரெவில்லியா அதன் பங்கை வாங்கிக்கொள்கிறது. உரப்பையின் பின்புறமுள்ள என், பி, கே எண்களில் நடு எண்ணை, அதாவது பாஸ்பரஸின் அளவை, பாருங்கள். இந்நாட்டு மண்ணுக்குரிய செடிகளுக்கு அது 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கிரெவில்லியா குடும்பத்துக்கு 1 சதவீதத்தைத் தாண்டாதிருப்பது நலம். கோழி எருவில் எண் சிறிதாகத் தெரியலாம். ஆனால் அதை நாம் கிராம் கணக்கில் இடுவதில்லை, கூடைக் கணக்கில் இடுகிறோம்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. எருவை வழித்தெடுங்கள், உரத்தை முற்றாக நிறுத்துங்கள், அடுத்த பருவம்வரை பொறுங்கள். பாஸ்பரஸ் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், தண்ணீர் விட்டு அலசிவிடலாம் என்ற கணக்கு இங்கே பலிப்பதில்லை. செடி இளையதாக இருந்தால், இலையுதிர்காலத்தில் வேறு இடத்தில் புதிய செடி ஒன்றை வைத்துவிடுவதே மலிவு.

இளந்தளிர் வெளுத்தால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரோ நடைபாதையோ அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை உயர்த்தி, இருக்கிற இரும்பையும் வேருக்கு எட்டாமல் செய்துவிடும். கடையில் விற்கும் சிறு பெட்டி மண் அமிலச் சோதனையே போதுமானது. இரும்புச் செலேட்டைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் கரைத்து ஊற்றினால் மூன்று நான்கு வாரங்களில் புதுத் தளிர் பச்சையாக வரும். வராவிட்டால் முந்தைய பகுதிக்குத் திரும்பி, குழிவெட்டிச் சோதியுங்கள். நீர்தேங்கிய வேரும் இதே நிறத்தைத்தான் காட்டும்.

## செழிப்பாக வளர்கிறது, பூப்பதில்லை

நிழல், கத்தரிக்கோல், வயது என்ற வரிசையில் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் பாட்டில் பிரஷ் இலையை மட்டுமே தரும். வேலிக்கு அப்பால் அண்டை வீட்டு மரம் சில ஆண்டுகளில் வளர்ந்திருப்பதை நாம் கவனிப்பதேயில்லை.

வெயில் குறைவில்லையென்றால், எப்போது வெட்டினீர்கள் என்பதுதான் கேள்வி. பாட்டில் பிரஷைப் பூ வாடியவுடன், அதாவது நவம்பர், டிசம்பர் அளவில், வாடிய பூவுக்குச் சற்றுப் பின்னால் வெட்ட வேண்டும். குளிர்காலத்தில் ‘ஒழுங்குபடுத்தினால்’ அடுத்த வசந்தத்தின் மொட்டுகளையும் சேர்த்து வெட்டியெறிகிறீர்கள். பாங்க்சியாவில் இன்னும் கவனம் வேண்டும்: அடியில் கட்டைக்கிழங்கு (துளிர்விடும் தடித்த அடிக்கட்டை) உள்ள வகைகள் தரையோடு வெட்டினாலும் துளிர்க்கும், அது இல்லாத வகைகள் இலையற்ற முதிர்ந்த தண்டுவரை வெட்டினால் திரும்பி வராது. எந்த வகை என்று தெரியாவிட்டால் பச்சை இலை இருக்கும் பகுதிக்குள்ளேயே கத்தரியை நிறுத்திக்கொள்ளுங்கள். விதையிலிருந்து முளைத்த பாங்க்சியா பூப்பதற்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதற்கு மருந்து பொறுமைதான், அதுவும் கடையில் கிடைப்பதில்லை.

கைகால் மறைக்கும் உடையோடு வெட்டுங்கள். ராபின் கோர்டன் போன்ற கிரெவில்லியாக்கள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும்.

## இலையில் பொடி, புள்ளி, கொப்புளம்

பளிச்சென்ற மஞ்சள் பொடி, பாட்டில் பிரஷ், வேலிச்செடியாக வளர்க்கும் லில்லி பில்லி போன்றவற்றின் இளந்தளிரிலும் மொட்டிலும் படிந்திருந்தால் அது மிர்ட்டில் ரஸ்ட். 2010 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸின் சென்ட்ரல் கோஸ்ட் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்தப் பூஞ்சை இன்று கிழக்குக் கரை நெடுகப் பரவிவிட்டது. அதைத் தொட்ட கையோடும் அதே சட்டையோடும் இன்னொரு தோட்டத்துக்குப் போகாதீர்கள். பாதித்த தளிரை, காற்றில்லாத வேளையில், வெட்டுவதற்கு முன்பே நெகிழிப் பைக்குள் நுழைத்து, அதன்பின் வெட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழிக்கு வேண்டாம். ஆண்டுதோறும் திரும்பி வரும் செடியை அகற்றிவிட்டு, வேறு குடும்பச் செடியை வைப்பதே என் வழக்கம்.

லில்லி பில்லி இலையில் அம்மைக் கொப்புளம்போல் மேடுபள்ளம் இருந்தால், சில்லிட் என்னும் சிறு பூச்சி. பார்வைக்குத்தான் கேடு, செடிக்கு ஆபத்தில்லை. இலை சல்லடையாகி, அடியில் புழுக்கள் கூட்டமாகத் தொங்கினால் சாஃப்ளை; கிளையோடு வெட்டிச் சோப்புநீரில் போடுங்கள். இவ்விரண்டுக்கும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடுத்த பகுதியில் வரப்போகும் சிறு பறவைகளின் உணவே இந்தப் பூச்சிகள்தாம்.

## பூக்கள் குலுங்குகின்றன. ஒரே சாம்பல் பறவை மற்ற எல்லாவற்றையும் விரட்டுகிறது

என்னிடம் மிக அதிகமாக வரும் புகார் இது. விடை கேட்பவருக்குப் பிடிக்காத புகாரும் இதுதான்.

முதலில் பறவையை அடையாளம் காணுங்கள். சாம்பல் உடல், கருந்தலை, மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டு இருந்தால் அது நாய்சி மைனர். தேனுண்ணி இனத்தைச் சேர்ந்த, இந்நாட்டுக்கே உரிய பறவை. பழுப்பு உடலும், பறக்கையில் சிறகில் வெள்ளைத் திட்டும் தெரிந்தால் அது நம்மூர் மைனாவேதான். 1862இல் மெல்போர்னில் கொண்டுவந்து விடப்பட்ட அந்த நாகணவாய் இங்கே அந்நியப் பறவையாக எண்ணப்படுகிறது. இரண்டின் பெயர் ஒலியும் ஒன்றுபோல் இருப்பதால் தமிழ் வீடுகளில் குழப்பம் இரட்டிப்பாகிறது. நாய்சி மைனர் சட்டப்படி காக்கப்படும் பறவை. அதைப் பிடிப்பதோ கூட்டைக் கலைப்பதோ குற்றம். எனினும் அது பெருகிப் பிற பறவைகளை விரட்டுவதை, இயற்கைக்கு முதன்மையான அச்சுறுத்தல்களில் ஒன்றாக ஆஸ்திரேலிய அரசே 2014இல் பட்டியலிட்டது.

இனிக் காரணங்கள்.

யாராவது தீனி வைக்கிறார்களா? ரொட்டித்துண்டு, அரைத்த இறைச்சி, தேன்தண்ணீர் ஆகியவற்றை நீங்களோ பக்கத்து வீட்டாரோ வைத்தால், அதன் பலன் வலிமையான பறவைக்கே போகும். நிறுத்துங்கள். செலவு ஏதுமில்லை.

நாள்தோறும் பூக்கும் பெரிய கலப்பினக் கிரெவில்லியாக்களே தோட்டம் முழுவதும் இருக்கின்றனவா? ‘பறவைகளை ஈர்க்கும்’ என்ற சீட்டோடு விற்கப்படும் ஹனி ஜெம், மூன்லைட், ராபின் கோர்டன் ஆகியவை ஆண்டின் பெரும்பகுதி தேன் சொரிபவை. வற்றாத ஊற்று இருந்தால் அதைக் காவல் காக்கும் கூட்டமும் இருக்கும். நானும் முதலாண்டில் இப்படி ஆறு செடிகளை வரிசையாக வைத்து, நாய்சி மைனருக்குச் சத்திரம் கட்டிக்கொடுத்தேன். அவற்றில் நான்கை எடுத்துவிட்டு, பருவத்துக்கு ஒன்று பூக்கும்படி மாற்றினேன்: இலையுதிர்காலத்திலும் குளிரிலும் ஹேர்பின் பாங்க்சியாவும் கொரியாவும், ஆகஸ்டில் வாட்டில் என்னும் அக்கேசியா, அக்டோபரில் பாட்டில் பிரஷ். கொரியாவின் தொங்கும் சிறு குழாய்ப்பூ, வளைந்த நீண்ட அலகுடைய ஸ்பைன்பில் என்னும் தேனுண்ணிப் பறவைக்கு அளந்து தைத்ததுபோல் பொருந்தும்.

மரம் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லையா? இதுதான் மெய்யான காரணம். உயர்ந்த யூகலிப்டஸ், அதனடியில் வழித்துவிட்ட புல்தரை என்ற அமைப்பு, நான்கு திசையும் பார்த்துப் படையெடுக்க நாய்சி மைனருக்கு மிகவும் வசதியானது. ஃபேரி ரென், சில்வரை, ஸ்க்ரப்ரென் போன்ற கட்டைவிரல் பறவைகளுக்கு வேண்டியது தேனன்று, ஒளிந்துகொள்ளும் முட்புதர். புல்லில் மூன்றுக்கு மூன்று மீட்டர் சதுரம் ஒன்றைச் செதுக்கி எடுத்து, மேற்குச் சிட்னிக்கே உரிய பர்சேரியா, கிரெவில்லியா ஜூனிபெரினா, ஓரிரு ஹேகியா ஆகியவற்றை ஒரு மீட்டர் இடைவெளியில் நெருக்கி நடுங்கள். கீழ்க்கிளைகளைக் கவாத்துச் செய்யாதீர்கள். உதிர்ந்த இலையைக் கூட்டாதீர்கள். வாசல் கூட்டிப் பழகிய கைக்கு இது எளிதன்று என்பதை அறிவேன். எங்கள் வீட்டில் இந்தச் சதுரத்தைப் பற்றி இரண்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது.

புதர் இடுப்பளவு வளர்ந்து நெருங்க மூன்று ஆண்டுகளாவது ஆகும். அதன்பிறகும் நாய்சி மைனர் தெருவைவிட்டுப் போய்விடாது, ஒரு வீட்டுத் தோட்டத்தால் அது முடியாது. தாழப் பறந்து புதருக்குப் புதர் தாவும் ஃபேரி ரென் வர வேண்டுமானால், வழியிலுள்ள வீடுகளிலும் புதர் இருக்க வேண்டும். நகராட்சிகள் சில மண்ணின் செடிகளை இலவசமாகவே கொடுப்பதுண்டு. ஒன்றை வாங்கி அண்டை வீட்டாருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

## பறவை கண்ணாடியைக் கொத்துகிறது, அல்லது மோதி விழுகிறது

இவை வெவ்வேறு கோளாறுகள். வசந்தத்தில் ஒரே பறவை ஒரே சன்னலையோ காரின் பக்கக் கண்ணாடியையோ நாள்தோறும் வந்து கொத்தினால், அது கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று நினைத்துச் சண்டையிடுகிறது. கண்ணாடியின் *வெளிப்புறத்தில்* சோப்பைக் குழைத்துப் பூசியோ செய்தித்தாளை ஒட்டியோ இரண்டு மூன்று வாரங்கள் விட்டுவிடுங்கள். காரின் கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டினால் போதும். உட்புறத் திரை உதவாது.

வேகமாகப் பறந்து மோதுகிறதென்றால், கண்ணாடியில் தெரியும் மரத்தை மெய்யென்று நம்பிவிட்டது. வெளிப்புறம் முழுவதும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இடுங்கள்; நடுவில் ஒட்டிய ஒற்றைப் பருந்துப் படம் பயன் தராது. விழுந்த பறவையைத் துண்டால் மெல்ல எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாகவும் அமைதியாகவும் வையுங்கள். தண்ணீரோ உணவோ வாயில் விட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் பறக்காவிட்டாலோ, சிறகு தொங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காட்டுயிருக்கு அவர்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை.

## நள்ளிரவில் ஒரு பறவை நிறுத்தாமல் கூவுகிறது

செப்டம்பர் கடைசியில் தொடங்கியிருந்தால் அது குயில். ஊர்க் குயிலின் நெருங்கிய உறவு. நியூ கினி, இந்தோனேசியப் பக்கத்திலிருந்து வந்து, வாட்டில்பேர்ட் என்னும் தேனுண்ணிப் பறவையின் கூட்டில் முட்டையிட்டு, மார்ச் வாக்கில் திரும்பிவிடும். செய்யக்கூடியது ஒன்றுமில்லை. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். கவிதைகளில் கேட்டபோது இதன் குரல் இத்தனை உரத்தது என்று யாரும் சொல்லவில்லை.

## லோரிகீட் கிளி தரையில் கிடக்கிறது, பறக்க முயலவில்லை

இதற்கு வீட்டுச் சோதனை ஒன்றே ஒன்று: தூரத்திலிருந்து பாருங்கள். சிறகும் வாலும் உதிர்ந்து, ‘ஓடும் கிளி’யாகத் திரிந்தால், கிளி இனங்களுக்கிடையே பரவும் அலகு, இறகு நோயாக இருக்கலாம். இறகு முழுதாக இருந்தும் கால் துவண்டு, கண் இமைக்க முடியாமல் கிடந்தால், லோரிகீட் பக்கவாதமாக இருக்கலாம். இது குவீன்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் நியூ சவுத் வேல்ஸின் வடக்கிலும் கோடையில் மிகுதியாக வருவது, காலத்தில் கவனித்தால் பல பறவைகள் பிழைக்கின்றன. எதுவானாலும் தேனும் ரொட்டியும் ஊட்டாதீர்கள். துண்டால் மூடிப் பெட்டியில் வைத்து, வயர்ஸ் போன்ற காட்டுயிர் மீட்பு அமைப்பை அன்றே அழையுங்கள்.

ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்தோ தள்ளாடியோ கிடந்தால் எதையும் தொடாமல், படம் மட்டும் எடுத்துக்கொண்டு, விலங்கு நோய் அவசர எண்ணான 1800 675 888ஐ அழையுங்கள். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவைத்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்ட பிறகே மறுபடி நிரப்புங்கள். ஆழம் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால், நடுவில் ஒரு கல்லையும் போட்டுவையுங்கள்.